பச்சைப் பை, ஒன்று

பேருந்துகளில் பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. இரண்டே பேர்தான், நானும் அவளும். அவளுக்கு 'ரெஜிஸ்டர்' என்று நான் பெயர் வைத்திருந்தேன். பதிவேட்டைத் தொடாமலேயே, "நீலக் குடை, கைப்பிடி உடைஞ்சது, மூணாவது தட்டு" என்று பட்டென்று சொல்லுவாள். பத்தொன்பது வருடம் அப்படித்தான் ஓடியது.

ஐம்பதைத் தாண்டியதும் வந்தது வினை. மாதவிலக்கு நிற்கிற நேரம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்துக் கொட்டியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், மறதியைத்தான் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்த இதுல இருக்கிற இதை எடுத்து இதுல வைங்க" என்பாள். மேசையில் இருக்கும் ஸ்டேப்ளரை அலமாரியில் வைக்க வேண்டுமாம். நானும் அந்தக் கூத்தையெல்லாம் பட்டுத் தேறியவள், அதனால் எனக்குப் புரிந்துவிடும். மறக்காமலிருக்கச் சீட்டு எழுதி ஒட்டினாள். 'சீட்டைப் பார்' என்று இன்னொரு சீட்டு எழுதி, அதை எங்கே ஒட்டினேன் என்று என்னையே கேட்டாள்.

"இது மூளை நோயெல்லாம் இல்லம்மா, ஹார்மோன் பண்ற சேட்டை. நிறையப் பேருக்கு வரும், போகப்போகக் குறையும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதை எங்கள் புது அதிகாரியிடம் சொல்லத்தான் இவளுக்கு நாக்கு எழவில்லை. முப்பது வயதுப் பிள்ளையிடம் போய் எதைச் சொல்வது? இரண்டு குடைகளை ஆள் மாற்றிக் கொடுத்ததற்கே, "இன்னொரு தப்பு நடந்தா உங்களைக் குடோனுக்கு மாத்திடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். குடோனில் பேச்சுத் துணைக்கு எலிதான் உண்டு. பேசாமல் இருந்தால் இவளுக்கு மூச்சு முட்டும். "அங்க போட்டா செத்தேன்க்கா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தத் திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும்போதே அவள் கடுகடுவென்று இருந்தாள்.

"பாருங்கக்கா, எவளோ நம்ம பெஞ்சுல பையை விட்டுட்டுப் போயிருக்கா. நான் முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள! பொறுப்பு கெட்ட ஜென்மம்!"

'பச்சைப் பை, ஒன்று' என்று பதிவேட்டில் எழுதி, சீட்டுக் கட்டி, பின்னால் தட்டில் வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அதிகாரி வந்து கவுன்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசையில் எட்டுப் பேர். அலமாரிச் சாவியைக் காணோம்.

இழுப்பறை, மேசைக்கடி, என் சாப்பாட்டு டப்பா என்று ஓர் இடம் விடாமல் தேடினோம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது தட்டில் இருந்த பச்சைப் பைக்குள் ஃபோன் அடித்தது.

"பாவம், பையைத் தொலைச்சவங்க தேடுறாங்க போல" என்று ஜிப்பைத் திறந்து ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். "வணக்கம். நீங்க தேடுறது எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கு. அடையாளம் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அடையாளமா? வயசு அம்பத்தொண்ணு, கன்னத்துல மச்சம், அடுப்பை அணைக்காம வேலைக்கு ஓடிட்டா. நீங்களே வச்சுக்குங்க, எனக்கு வேணாம்."

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. முந்தின நாள் மகள் வாங்கிக் கொடுத்த புதுப் பையாம் அது. சாவியும் அதற்குள்தான் கிடந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க பையையே நீங்க பதிவு பண்ணீங்களா?"

"ஆமா சார்." அவள் முகம் வியர்த்தது. பிறகு அத்தனை பேர் முன்னாலும் உடைத்துவிட்டாள். "எனக்கு மாதவிலக்கு நிக்கிற நேரம் சார். மறதி வருது. கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க. என்னைக் குடோனுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

அதிகாரிக்குக் காது சிவந்துவிட்டது. "முதல்ல இவங்களைக் கவனிங்க" என்று வரிசையைக் காட்டினார்.

முதல் ஆள் தலைத்தொப்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். "மேடம், வந்து... பஸ்ல காத்துல..." என்று இழுத்தார். பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பொருளின் பெயரைச் சொல்லாமல் கொடுக்க மாட்டோம் என்பது எங்கள் விதி. விதியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "கறுப்பா, லேசா சுருட்டையா, அந்த இதுதானே சார்?"

"ஆமா மேடம்! அந்த இதுதான்!"

அலமாரியைத் திறந்து, டோப்பாவைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி நீட்டினாள். வரிசையில் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதிகாரியின் நாற்காலியிலிருந்து எல்லாம் தெரிந்தது.

அவர் எழுந்து, "குடோனுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க இங்கயே இருங்கம்மா" என்றார். சாவியை மட்டும் அவளிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷம்தான், வேறென்ன. நானும் அழுதேன். வரிசையில் நின்ற ஒரு பெண்ணும் எங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, நாம எதுக்குக்கா அழுதோம்?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.