மூன்று அங்குல எண்கள்

2014 மே பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அத்தையின் வேலையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கையில் பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தது.

அப்பாவின் தங்கையான அத்தை, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக உல்லாசப் படகு வாங்கியிருந்தார். படகின் பதிவு எண்ணையும் நிகர டன்னையும் அதன் உட்புறத்தில் அழியாதபடி பதிக்க வேண்டும். எண்கள் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அவரிடமிருந்த தாள் சொன்னது. பெயிண்ட் உப்புக் காற்றில் உரிந்துவிடுமாம். மண் பலகையில் கீறிச் சுட்டுத் தரச் சொன்னார். படகைப் பதிவு செய்யும் அதிகாரி ஒப்புக்கொண்டால் முதல் சவாரி எங்கள் வீட்டாருக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனார். மணிமுத்தாற்றின் முழங்கால் தண்ணீரைத் தவிர வேறு நீர்ப்பரப்பை நான் கண்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் படகு என் பொறுப்பாயிற்று.

அத்தை வெள்ளைக் காலண்டர் அட்டையில் எண்களை வெட்டி வைத்திருந்தார். அளந்தேன், மூன்றரை அங்குலம். கூடுதலும் பிழைதான் என்பது என் கட்சி. பெரியவர்களை முகத்துக்கு நேரே திருத்தக் கூச்சமாக இருந்ததால், அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் என் நோட்டின் பழுப்பு அட்டையிலிருந்து மிகச் சரியாக மூன்று அங்குலத்தில் எண்களை வெட்டி, பழையவற்றின் இடத்தில் வைத்தேன்.

அத்தை திரும்பி வந்தார். பழுப்பு எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஈர மண் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றிலும் கீறினார். என்னை அளந்து சொல்லச் சொன்னார். மூன்று என்றேன்.

"மூணா? நீ சொன்னா சரிதான்."

வெள்ளிக்கிழமை படகுக்காரர் வந்து, சூளையிலிருந்து எடுத்த பலகையில் டேப்பை வைத்தார். இரண்டரை அங்குலம். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும், அதற்காகவே எதையும் கூட்டி வெட்டுவோம் என்று அத்தை நிதானமாக விளக்கினார். பேசியது அவரிடம், பார்த்தது என்னை.

"திங்கக்கிழம ஆபீசர் வராரும்மா. இத வச்சிகினு நான் என்னா பண்றது?"

என் கடல் அந்த இடத்திலேயே வற்றியது. "நான்தான் அத்தை, அட்டைய மாத்தி வச்சேன்" என்றேன்.

"அப்படியாடி? எனக்குத் தெரியவே தெரியாதே."

சொல்லிக்கொண்டே, அலமாரியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு பலகையை எடுத்தார். மூன்று அங்குலம். சூளையில் ஒன்று வெடித்தாலும் வெடிக்கும் என்று எப்போதும் இரண்டாகச் செய்வதுதான் வழக்கமாம். படகுக்காரர் சிரித்துவிட்டார், வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு எல்லோரையும் வரச் சொன்னார். பலகையில் பதித்திருந்த ஐந்து டன் கனத்தோடு படகு எப்படி மிதக்கும் என்று அவரிடம் கேட்டேன்.

"அது எடை இல்ல பாப்பா. உள்ள எவ்ளோ எடம் இருக்குதுன்னு ஒரு கணக்கு. உனக்கும் எடம் இருக்குது, போ."

அன்று மாலை முழுவதும் நான் குதித்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு கவலைதான் மிஞ்சியது: வெள்ளை எண்கள் பழுப்பானதுகூட அத்தைக்குத் தெரியவில்லையே. மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், அத்தையை உடனே ஒரு கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போகும்படி சொன்னேன்.