ஆறிப்போனால் அசையாது

இலங்கை மலையகத்தில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் என் தொண்டைக்குப் பெரிய பெயர். விடியற்காலை ஆள் எடுக்கும் பெரட்டில் நான் ஒரு அதட்டல் போட்டால், கடைசி லயத்து வீட்டில் தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பார்கள். ரத்தபேதியில் என் மனைவி சுருண்டு கிடந்தபோது அந்தத் தொண்டை எதற்கும் உதவவில்லை.

தோட்டத்து மருந்து கேட்கவில்லை. ரயில் பதுளைக்கு வராத காலம். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்து, கொட்டுகிற மழையில் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம். வெளிக்குப் போவது புருஷனுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை வருஷமும் இருட்டோடு போய் வந்தவள் அவள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர்.

"அமீபா எண்டால் எமெட்டின் ஊசியால தப்புவா. வேற கிருமி எண்டால் அந்த ஊசி உதவாது. இதயத்தைப் பிடிக்கிற மருந்து. இந்த நிலையில பிழையாப் போட்டால் மனுசி போயிடுவா. பாத்துத்தான் போடோணும்" என்றார்.

ஆயா கொண்டுவந்த மலப் பீங்கானிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் உருண்டையாக் கிடக்கு. அமீபாவாயும் இருக்கலாம், உங்கட மனுசியிட சொந்த வெள்ளை அணுவாயும் இருக்கலாம். அசைஞ்சால்தான் சொல்ல ஏலும்."

நாற்றம் வெளியே தெரியக்கூடாது என்று என் மனைவி அந்தப் பீங்கானில் தண்ணீரை ஊற்றி, மூடி, கட்டிலடியில் தள்ளி வைத்திருந்தாள். ஆயா கண்டெடுத்தபோது அது சில்லிட்டுப் போயிருந்தது.

"உசிரக் குடிக்கிற பூச்சிக்கும் மனுஷ ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியலையா? என்னதாங்க படிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மழைநீர்ப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். செருப்பு மாதிரி ஒன்று விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. பச்சையாக ஒன்று சுழன்றது. காம்பில் நின்ற மணி போன்ற ஒன்று வெடுக்கென்று சுருங்கியது. அங்கே என் பெண்டாட்டிக்கு உயிர் ஊசலாடுகிறது, இவர் பீப்பாய்த் தண்ணீரில் வேடிக்கை காட்டுகிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

"இதுகள் குளிரிலயும் ஓடும். அமீபா மனுசரிட வயித்துச் சூட்டுக்குப் பழகிப்போன சாதி. ஆறினால் சுருண்டிடும். இனிப் போறதை ஆற முன்னம் சூடாக் கொண்டுவாங்கோ."

கட்டிலருகே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

"செத்தாலும் சாவேன். அத உங்க கையில குடுக்க மாட்டேங்க."

அதட்ட வாயைத் திறந்தேன். அதட்டல் வரவில்லை.

"நீ போயிட்டா நான் யாரடி திட்டுவேன்?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பிறகு ஆயாவைக் கூப்பிடச் சொன்னாள்.

கணக்கப்பிள்ளைக்குக் கோட்டுதான் மரியாதை. அது இல்லாமல் மலையில் ஏறினால் ஆள் மதிக்காது. அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றி, ஆயா கொண்டுவந்த பீங்கானை நானே வாங்கி அதில் சுற்றி, சூடு போகாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு முற்றத்து மழையில் ஓடினேன். தாழ்வாரத்தில் வண்டியோடு வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"ஐயா, கோட்டுக்குள்ள என்னங்க?"

"வழிய விடுங்கடா!"

டாக்டர் கண்ணாடித் துண்டை விளக்கில் காட்டிச் சூடாக்கி, ஒரு துளி தடவி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அசையுது" என்றார். "வந்து பாருங்கோ."

சாய்ந்த பாத்திரத்தில் கஞ்சி வழிவதுபோல் ஒன்று முன்னால் வழிந்து வழிந்து போனது. அதன் வயிற்றுக்குள் வட்ட வட்டமாக என்னவோ கிடந்தன. அவை என் மனைவியின் ரத்தத்துச் சிவப்பணுக்கள், அமீபாதான் இப்படி ரத்தத்தைத் தின்னும் என்றார். பாவி, அவளைத் தின்றுகொண்டே நடந்தது. பக்கத்தில் கிட்டத்தட்ட அதே உருவில் இன்னொன்று இடம்விட்டு நகராமல் மெல்ல அசைந்தது.

"அது உங்கட மனுசியிட வெள்ளை அணு. உடம்புக்குக் காவல். ரெண்டுக்கும் உள்ளுக்கை ஒரு கரு கிடக்கு. ஆதியில எல்லாம் ஒற்றை அணுவாத் திரிஞ்ச ஒரே வம்சம்தான். கொஞ்சம் ஒண்டாச் சேந்து மரமாயும் மனுசராயும் வந்துது. இது தனியாவே நிண்டிட்டுது."

"சொந்தக்காரனா இருந்துட்டுப் போகட்டுங்க. ஊசியப் போடுங்க!" என்றேன்.

ஊசி போடும் ஒவ்வொரு முறையும் அவள் நாடியைப் பிடித்தபடி, நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று உட்கார்ந்திருந்தேன். சில நாளில் ரத்தம் நின்றது. ஒரு காலையில் கஞ்சி கேட்டாள். குடித்து முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க கோட்டு எங்க?"

"தொவச்சுக் காயப் போட்டிருக்கேன்."

"யாரு தொவச்சா?"

"நாந்தான்."

கோட்டில் எதைச் சுற்றிக்கொண்டு ஓடினேன் என்று ஆயா சொல்லியிருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விசும்பி அழுதாள். என் எந்த அதட்டலுக்கும் அழாதவள்.

"அட, அழுவாத," என்றேன். "காஞ்சதும் அதப் போட்டுக்கிட்டுத்தான் பெரட்டுக்குப் போவேன்."