வழியில் கிடந்த ஸ்டூல்

ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயர் சிவப்புச் சீட்டு. நேரில் சார், முதுகுக்குப் பின்னால் சிவப்புச் சீட்டு. வேலை முறைகளைச் சீர்செய்யும் அதிகாரி என்பது பதவி. வார்டில் உபயோகமில்லாமல் கிடக்கும் சாமான் எதுவானாலும் அதில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டிவிடுவார். ஒரு மாதத்துக்குள் யாராவது வந்து, அது எதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் சாமான் கிடங்குக்குப் போய்விடும். அவர் தலை தெரிந்ததும் நர்சுகள் உபரிக் கத்தரிக்கோலைப் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல் நிற்பார்கள்.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. மருந்து அலமாரியை வார்டின் நடுவுக்கு மாற்றி நர்சுகளின் கால்வலியைக் குறைத்தது அவர்தான். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நடைவழியில் காத்துக் கிடந்ததும் அவரால்தான் நின்றது. "ரூம்ல உக்காந்து முடிவெடுக்காதீங்க. வேலை நடக்கற எடத்துக்குப் போங்க, பாருங்க, அப்புறம் பேசுங்க" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்லுவார். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவர் மேஜைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள்.

மனைவி இருந்தவரை அது அவருக்கு உறைக்கவில்லை. அவளோடு ஓயாத சண்டை ஒன்றே ஒன்றுதான். சமையலறை வாசலில், சரியாக நடக்கிற வழியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். "வழியில கெடக்கு பாரு" என்று அவர் அதைச் சுவரோரம் தள்ளுவார். மறுநாள் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

அவள் இறந்துபோன வாரத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்ததைச் செய்தார். அவள் செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஸ்டூல் எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு கட்டினார். மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா இந்த வீட்டுக்கு வேண்டாத சாமானாப்பா?"

யாராவது வந்து, இது வேண்டும், இதை எடுக்காதே என்று சொல்லமாட்டார்களா என்றுதான் கட்டினார். அதைச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியோடு தன் ஊருக்குப் போனவள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. மாதம் தாண்டியும் அவர் எதையும் வெளியே போடவில்லை. சீட்டை அவிழ்க்கவும் இல்லை. உபயோகிக்கிறவர்தான் அவிழ்க்கலாம், கட்டியவர் அவிழ்க்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. சாமான்கள் கிடந்தன, அவரும் கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, அம்மாவோட ஸ்டூல் எனக்கு வேணும்."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். எடுத்துக்கோம்மா, நேர்ல வாம்மா, எப்படிம்மா இருக்கே. பாழாய்ப்போன நாக்கு பழக்கத்தில் புரண்டது.

"எதுக்கு வேணும்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். சமையலறைக்குப் போய், ஸ்டூலைச் சுவரோரத்திலிருந்து இழுத்து மனைவி போடுகிற இடத்தில் போட்டு, முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. மறுபக்கம், கூடத்து ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரிந்தது. அவர் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்புகிற முனை. எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து எதிர்ச்சுவர்தான் தெரிந்தது.

அவள் இருந்தவரை, அவர் செருப்பைக் கழற்றும்போதே டீ சூடாகக் கையில் வந்துவிடும். அது எப்படி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரையெல்லாம் போய்ப் பார் என்று விரட்டிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"ஸ்டூல்ல உக்காந்து பாத்தேம்மா. நான் வர்றது தெரியுது."

"எனக்குத் தெரியும்பா. அம்மா மடியில உக்காந்து நானும் பாத்திருக்கேன்."

"எப்பம்மா வந்து எடுத்துக்கறே?"

"வேண்டாம்பா. அங்கயே இருக்கட்டும்."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஸ்டூலை மறுபடி நடக்கிற வழியில் போட்டார். சீட்டை அவிழ்த்தார். சாயங்காலம் டீ போட்டு எடுத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்புகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.