மாதிரி வயிறு

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் நார்மல். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் கிடந்தது. தின்ற சோறு குடலைக் கடந்து வெளியேற எத்தனை நாள் ஆகிறது என்று அளக்கிற பிரிவு அது. மாத்திரை உறைக்குள் இருபத்து நான்கு குட்டி வளையங்களைப் போட்டு விழுங்கச் சொல்வார்கள். ஐந்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். ஐந்துக்கு மேல் நின்றால் அந்தக் குடல் சோம்பேறி.

அவர் அங்கே உதவியாளர். விழுங்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, மணியைக் குறிப்பது, ஐந்தாம் நாள் டிமிக்கி கொடுப்பவர்களைப் போனில் பிடிப்பது அவர் வேலை. ஒவ்வொரு புது ஆய்வுக்கும் முதல் உறையை விழுங்குவதும் அவர்தான். நல்ல குடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவரே அளவுகோல். இருபது வருடமாக அவர் படத்தில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். "இவன் வயித்த பாத்து கடிகாரத்த சரி பண்ணிக்கலாம்" என்பார் பெரிய டாக்டர். இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்வார். "எல்லாரையும் மூளைக்காக மெச்சுவாங்க. உங்கள எதுக்கு மெச்சுறாங்க பாருங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஐம்பத்து மூன்றாம் வயதில் வயிறு கனக்கத் தொடங்கியது. இடுப்பு பெல்ட்டோ இரண்டு ஓட்டை உள்ளே போனது. பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"சார், வயிறு கல்லாட்டம் இருக்கு. சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

டாக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கே சரியில்லன்னா வேற யாருக்குப்பா சரியா இருக்கும்? போய் நாலு நாள் காத்தாட நட."

நடந்தார். அந்த மாதமே புது ஆய்வு வந்தது. ஐந்தாம் நாள் அவர் படத்தில் பத்தொன்பது வளையங்கள், இடப்பக்கம் ஒரே இடத்தில் குவிந்து நின்றன. அவரே மூன்று தடவை எண்ணினார்.

"மாத்திரைப் பெட்டியே கோளாறு, திருப்பி அனுப்பு" என்றார் டாக்டர். புதுப் பெட்டியில் இருபத்தொன்று நின்றது. படத்தை மாற்றிவிட்டாயா என்று எக்ஸ்ரேக்காரரைக் காய்ச்சி எடுத்தார்கள். பெட்டியையும் படத்தையும் விழுங்கிய மணியையும் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர்கூட அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில், "உனக்கு எப்பவும் ரெண்டுதானே, ரெண்டுன்னே போடு" என்றார் டாக்டர். இவரும் தன் கையாலேயே இரண்டு என்று எழுதினார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"வேற டாக்டர பாருங்க" என்றாள் மனைவி.

"பெட்டி சரியில்லடி. பெரிய டாக்டருக்குத் தெரியாததா?"

மூன்று மாதம் கழித்து, வாந்தி நிற்காமல் போனபோது, மனைவி அவரை வேறொரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பயிற்சி டாக்டர் பெண் இடப்பக்கம் கையை வைத்து அழுத்தினாள். அழுத்திய மாத்திரத்தில் அவள் முகம் மாறிவிட்டது. குடலில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார்கள்.

பெரிய டாக்டர் பழப்பையோடு பார்க்க வந்தார். வா, போ என்றே பேசியவர் வாயில் அன்றைக்குத்தான் மரியாதை முளைத்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மென்று விழுங்கிவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார்.

"அந்த ஆய்வுல உங்களுக்கு ரெண்டுன்னு போட்டிருக்கோம் இல்லையா, அத எடுக்கணும். நோயாளின்னு காரணம் எழுதணும். எந்தத் தேதியிலேருந்து தொந்தரவுன்னு சொன்னீங்கன்னா..."

மனைவி பழப்பையை வாங்கவில்லை. "உங்ககிட்ட வந்து சொன்னாரே டாக்டர். அந்தத் தேதியவே போட்டுக்குங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவருக்கு அந்த நாள் நினைவில்லை.

படுத்திருந்தவருக்கு நினைவிருந்தது. தேதியைச் சொன்னார். பிறகு, இருபது வருடப் பழக்கம், "காலைல பத்தே கால், சார்" என்று மணியையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.