மூன்று ஞாயிறும் ஒரு செவ்வாயும்

லேஸ் டீச்சர் என் முன்னால் வைத்த நோட்டீசின் பின்புறத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. சானல் கரையில் ஒரு குடிசைக் கதவில் கச்சேரிச் சேவகன் ஒட்டிவிட்டுப் போனதை, ஈரத்துணி வைத்து நனைத்து, கிழியாமல் உரித்து எடுத்து வந்திருந்தார். சர்க்கார் ஒட்டிய நோட்டீசை உரிப்பது குற்றமாயிற்றே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மனிதரின் முகத்தைப் பார்க்கும் முன் விதியைப் பார்க்கும் பழக்கம் இருபத்தாறு வயதிலேயே எனக்கு வந்துவிட்டிருந்தது. பிற்காலத்தில் அதற்காக எனக்குப் பதவி உயர்வெல்லாம் கொடுத்தார்கள்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். தாலுகா கச்சேரி என்று நாங்கள் சொல்லும் தாலுகா ஆபீசில் நான் தபால் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டியின் செக்ரட்டரி. லேஸ் டீச்சர், சபையை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து வந்தவர். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் வேலை பழகிய பெண்களில் சிலர் சானல் கரைக்காரர்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் அந்த வாய்க்காலின் புறம்போக்கில் பதினோரு குடிசைகள் இருந்தன. மற்றவர்களின் வயலில் நடவும் அறுப்பும் செய்து பிழைத்த அவர்களுக்குச் சொந்தமாகக் காலடி மண் கிடையாது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்து மூலம் தர வேண்டும், தவறினால் குடிசைகள் அகற்றப்படும் என்றது நோட்டீஸ். புதன்கிழமை ஒட்டியது. அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் முப்பதாம் நாள் ஒரு வியாழக்கிழமை.

எங்கள் சபையை முற்போக்கான சபை என்று சுற்றுவட்டாரத்தில் சொல்லுவார்கள். நாங்களும் சொல்லிக்கொள்ளுவோம். கொரியாவில் சண்டை தொடங்கியபோது, உலகத் தலைவர்களுக்குச் சமாதான வேண்டுகோள் அனுப்பத் தீர்மானம் போட்டோம். மாலை நான்கு மணிக்குக் கூடி, காப்பி வருவதற்குள் முடித்து, மறுநாளே நாகர்கோவில் போய்த் தந்தி அடித்தோம். எங்கள் போதகர் உள்ளபடியே நல்ல மனிதர். சண்டையில் அநாதையான பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு கிடையாது.

சானல் கரை விஷயத்தை, நோட்டீஸ் ஒட்டிய அந்த வார ஞாயிறன்றே கமிட்டி எடுத்துக்கொண்டது. கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லாததால் டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றார். அந்தப் பதினோரு குடும்பத்தில் நம்முடையவர்கள் எத்தனை என்று ஒருவர் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றவை இரண்டுதான் என்று பதில் வந்தது. ஆனாலும் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. அது பெரிய விஷயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதன் பிறகுதான் நான் வாய் திறந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்து, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்பதுபோல, சபையின் முத்திரையோடு வெளியே போகும் எந்த மனுவையும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். எப்போதோ யாரோ சபை பெயரில் ஒரு மொட்டை மனு போட்டதால் வந்த ஏற்பாடு. அதை ஞாபகப்படுத்தியது நான்தான். கொரியாவுக்கு வாசிக்கவில்லையே என்று போதகர் தயங்கினார். அது தந்தி, மனு அல்ல என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: மூன்றாம் வாசிப்புக்குப் பிறகும் நான்கு நாள் மிச்சம் இருந்தது.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார், “கொரியாவுக்கு ஒரு சாயங்காலம் போதும். இந்தா கெடக்க சானல் கரைக்கு மூணு வாரம். நல்லாருக்கு, கொள்ளாம்.”

முதல் ஞாயிறு வாசித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு பொருளாளர் எழுந்தார். சானலை அடுத்த தென்னந்தோப்பு அவருடையது. குடிசைகள் போனால் தோப்புக்கு வண்டிப் பாதை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் சொல்லவில்லை. மனுவில் ‘அநீதி’ என்று இருப்பது சர்க்காரைக் கோபப்படுத்தும், ‘கஷ்டம்’ என்று திருத்த வேண்டும் என்றார். சின்னத் திருத்தம்தானே என்று போதகர் ஒத்துக்கொண்டார். திருத்திய ஓலை புது ஓலை. மாப்பிள்ளையின் பெயரில் பிழை இருந்தால்கூட முதல் வாசிப்பிலிருந்துதான் தொடங்குவோம். ஆகவே மறுபடியும் மூன்று ஞாயிறு.

கால நீட்டிப்புக் கேட்கலாம் என்றேன். அந்தக் கடிதமும் சபையின் பெயரில் போக வேண்டியது, ஆகவே அதையும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. எனக்கே பெருமையாகக்கூட இருந்தது, விதியை இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்களே என்று.

அன்று டீச்சர் கேட்ட கேள்வி நேரானது. இந்த மனுவில் ஒரே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் போதுமா? போதும். யாராக இருந்தாலும் சரி, வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாலே ஆட்சேபணை பதிவாகிவிடும், விசாரணை நடக்காமல் குடிசையில் கை வைக்க முடியாது. இது எனக்குத் தெரியும், சொல்லவும் செய்தேன். ஆனால் சபை மனுவுக்கு இருக்கும் கனம் தனி ஆளுக்குக் கிடையாது, அடுத்த ஞாயிறு அவசரக் கமிட்டி கூட்டி வாசிப்பு வேண்டாமென்று தீர்மானம் போட்டுவிடலாம், அதுவரை பொறுங்கள் என்றேன். பொறுத்தார்.

அடுத்த ஞாயிறு கமிட்டியில் பாதிப் பேர் மார்த்தாண்டத்தில் ஏதோ கன்வென்ஷனுக்குப் போயிருந்தார்கள். தீர்மானம் போடக் கோரம் இல்லை, ஆள் எண்ணிக்கை போதவில்லை. போதகர் மனம் நொந்து, தன் பொறுப்பில் தானே கையெழுத்திட்டு வியாழன் காலை ஆள் மூலம் அனுப்புவதாகச் சொன்னார். நான் நம்பினேன்.

டீச்சர் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கச்சேரியில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் சானல் கரைப் பெண் ஒருத்தி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.

“தம்பி, இப்பம் நீங்க சபைச் செக்ரட்டரியா, கச்சேரிக் குமாஸ்தாவா?”

“குமாஸ்தா.”

“அப்பம் இத வாங்கி வையுங்க.”

நான்கு வரி. கீழே அவர் கையெழுத்து. ‘அநீதி’ என்றுதான் எழுதியிருந்தார். வாங்கினேன். கூட வந்த பெண் என்னைப் பார்த்து, “குடுத்தாச்சுல்லா? இனி பேடிக்காண்டாம், இல்லியா சாரே?” என்றாள். பயப்பட வேண்டாம் என்றேன். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

வந்த தாளில் உடனே தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் வரிசை எண் எழுத வேண்டும். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை. தனி ஆள் மனு முதலில் போய், தலைமைக் குமாஸ்தா அதை அலட்சியமாகத் தள்ளிவிட்டால், பின்னால் வரும் சபை மனுவின் மதிப்பும் குறையும் என்று எனக்குப் பட்டது. இரண்டையும் சேர்த்து மேலே அனுப்பினால் எடுபடும். வியாழன் காலை வரைக்கும்தானே. தாளை மைக்கூட்டின் அடியில் வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் அதை மன்னித்துக்கூட விட்டிருப்பேன்.

வியாழன் காலை யாரும் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. நான் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று இருந்ததில் நாலரை மணி ஆனது தெரியவில்லை. அன்று தலைமைக் குமாஸ்தா கொஞ்சம் முன்னதாகவே வந்து, பதிவேட்டில் கடைசி எண்ணின் கீழ் சிவப்பு மையால் கோடு இழுத்து மூடிக்கொண்டு போனார். அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுவது மறுநாள் கணக்கில்தான் சேரும்.

சபை மனு வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்து தயாராக இருந்தும், முத்திரை பொருளாளரின் பெட்டியில் இருந்ததாம். அவர் மார்த்தாண்டத்திலிருந்து திரும்ப வேண்டியிருந்ததாம். இரண்டு தாளிலும் வெள்ளிக்கிழமை முத்திரையைக் குத்தினேன். முன்தேதியிட்டுக் குத்தியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் முன்தேதியிடுவது மோசடி. நான் மோசடி செய்யாதவன். கெடு கடந்து வந்ததால் நிராகரிக்கப்பட்டது என்று இரண்டின் மேலும் ஒரே வரி எழுதப்பட்டு வந்தது. நான் எதிர்பார்த்தபடியே இரண்டும் சேர்ந்துதான் போயின.

அடுத்த வாரம் குடிசைகளைப் பிரித்தார்கள். அடிதடி எதுவுமில்லை. ஓலையையும் கழிகளையும் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சில குடும்பங்கள் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போயின. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் கமிட்டி கூடி ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. வருத்தம் சபைக்குள்ளேயே இருப்பது, வெளியே போவதல்ல. ஆகவே வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது.

லேஸ் டீச்சர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கூட்டம் முடிந்து நான் சைக்கிளை எடுக்கும்போது வந்து நின்றார்.

“நான் குடுத்தது செவ்வாக்கெழம. ஓர்மை இருக்கா?”

“ஞாபகம் இருக்கு டீச்சர்.”

“எனக்கும் இருக்கு. அது மதி,” என்றார். மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் பல வருஷம் என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லுவார், சுகம் விசாரிப்பார். தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். செக்ரட்டரி சார் என்பார். அவர் இறந்து இப்போது பன்னிரண்டு வருஷமாகிறது.

போன மாதம் சபையின் நூற்றாண்டு மலருக்கான கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி இப்போதைய செக்ரட்டரி கொண்டுவந்தார். பாங்கு உத்தியோகஸ்தர், ஒழுங்கான ஆள். ‘சமூக நீதிப் பணிகள்’ என்ற தலைப்பின் கீழ், சானல் கரை மக்களுக்காக அன்றைய கமிட்டி சர்க்காருக்கு மனு அளித்துப் போராடியது என்று எழுதி, என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அதற்கு மேலே ஒரு வரி எழுதினேன்: சபைக்கு மூன்று நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமை, லேஸ் டீச்சர் தனியாக மனு கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தச் செக்ரட்டரி மறுபடியும் வந்தார். கச்சேரியில் பழைய பதிவேட்டை நகலெடுத்துப் பார்த்திருக்கிறார். டீச்சரின் மனுவும் வெள்ளிக்கிழமையில்தான் ஏறியிருக்கிறது, சபை மனுவுக்கு அடுத்த எண்ணில்.

“ரெக்கார்டுல இல்லாதத மலர்ல போட முடியாதுல்லா சார்? நீங்க சொல்லித் தந்ததுதானே.”

பதிவேட்டு நகலை என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்துதான். சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. நான் எழுதிய வரியை நானே அடித்துக் கொடுத்தேன்.