நானூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டம்

அலுவலகத்தில் அவளை 'நூறு' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் நூறு தடவை ஓட்டிப் பார்க்காமல் வாயிலிருந்து "சரி" என்ற சொல் வராது என்பதால் யாரோ கேலியாக வைத்த பெயர். அதுவே ஒட்டிக்கொண்டது. இளையவர்கள் 'நூறக்கா' என்பார்கள். வயது நாற்பத்தொன்று. தட்டச்சு வேலைக்கென்று அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தவள், பதினாறு வருடத்தில், புரோகிராம் எழுதுகிறவர்களின் தப்பைக் கண்டுபிடித்துச் சொல்கிறவளாக ஆகியிருந்தாள். படிப்பு பெரிதாக இல்லை. பொறுமை இருந்தது.

அந்தக் கம்பெனி விற்றது ஒரே ஒரு சரக்கு, ஒரு டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன கோளாறு என்று பார்க்க உதவும் கருவி. வேண்டிய இடத்தில் ஒரு நிறுத்தக் குறி போட்டு வைத்தால், புரோகிராம் அங்கே வந்ததும் நிற்கும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, குறியை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், சில புரோகிராம்கள் எல்லா வேலையையும் தாமே செய்வதில்லை. வேலை வர வர, தன்னைப் போலவே ஒன்றைக் கிளப்பி அதன் தலையில் கட்டிவிடும். சைல்டு பிராசஸ் என்பார்கள். அது கிளம்பும்போதே மூலத்தில் இருக்கிற எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு வரும், டீபக்கர் போட்ட நிறுத்தக் குறி உட்பட. டீபக்கர் அதைக் கவனித்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஒன்றுமில்லை. கவனிக்காமல் விட்டுவிட்டால், அந்தப் பிராசஸ் குறியை மிதித்த மறுகணம் செத்துப்போகும். சத்தம் வராது, எச்சரிக்கை வராது.

புதிய பதிப்பில் அந்தக் கவலையே இல்லை என்று விளம்பரம் போட்டார்கள். எத்தனை சைல்டு பிராசஸ் கிளம்பினாலும் ஒன்றுவிடாமல் பின்தொடரும். வேலையில் இருக்கும் புரோகிராமிலேயே பயமில்லாமல் மாட்டலாம், கழற்றலாம். அதைச் சோதிக்கும் பொறுப்பு நூறுவிடம் வந்தது. அவள் ஒரு சின்னப் புரோகிராம் வைத்திருந்தாள். அது ஒன்றைக் கிளப்பும், அந்த ஒன்று இன்னொன்றைக் கிளப்பும், இப்படியே எட்டு வரை. டீபக்கர் எட்டையும் பட்டியலில் காட்ட வேண்டும். இந்த முறை நூறு போதாது என்று ஆயிரம் தடவை ஓட விட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டத்தில் பட்டியல் ஏழு என்றது.

திரும்ப ஆயிரம் ஓட்டினாள். எட்டு, எட்டு, எட்டு. மேலும் இரண்டாயிரம். ஒரு பிசகும் இல்லை. அந்தப் பகுதியை எழுதிய பொறியாளனிடம் போனாள். தடித்த கண்ணாடி போட்ட, முப்பது தாண்டாத பையன். 'கண்ணாடி' என்றே பெயர். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"தம்பி, ஒரு தடவை ஒண்ணு காணாம போச்சு."

"எத்தனையில அக்கா?"

"நாலாயிரத்துல."

"அக்கா, நாலாயிரத்துல ஒண்ணுன்னா உங்க மெஷினே தும்மியிருக்கும். அந்தக் கிழட்டு மெஷினை நம்பி நான் எதைத் தோண்டுறது?"

அவள் அறிக்கையில் ஒரு வரி எழுதினாள்: 'ஒருமுறை ஒரு சைல்டு பிராசஸ் தவறவிடப்பட்டது, காரணம் தெரியவில்லை.' மேலாளர் கூப்பிட்டனுப்பினார். கெட்டவரில்லை. ஆனால் பதிப்பு இரண்டு தடவை தள்ளிப்போய், அவர் கழுத்திலும் கத்தி இருந்தது.

"காரணம் தெரியலைன்னு எழுதினா வாங்கறவன் என்ன நினைப்பான்? திரும்ப வந்துச்சா?"

"வரலை சார்."

"அப்ப அது இல்லை. நீங்களே எடுத்துடுங்க. நான் எடுத்தா நல்லா இருக்காது."

வீட்டில் கணவன் நான்கு மாதமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். கப்பியில் வலது கை சிக்கி இரண்டு விரல் போயிருந்தது. சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால் போடப் பழகிக்கொண்டிருந்தான். அவளுடைய வேலையை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. அதெல்லாம் மேலாளரின் மேசைக்கு முன்னால் அவள் மனதில் ஓடியதா என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. தன் இடத்துக்கு வந்தாள், அந்த வரியை அழித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை. வாடிக்கையாளர் தொலைபேசியைக் கவனிக்கும் பெண் விடுப்பு. அதனால் மணி நூறுவின் மேசையில் அடித்தது.

"மேடம், உங்க டீபக்கர் பத்தி ஒண்ணு கேக்கணும்." ஒரு பெண் குரல், அடைத்துப்போயிருந்தது. ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பிரித்தனுப்பும் இடத்தில் டெக்னீஷியன் என்றாள்.

"சொல்லும்மா."

"போன வாரம் எங்க புரோகிராம் ரொம்ப மெதுவா ஓடுச்சு. மாட்டிப் பாத்தேன். ரெண்டே நிமிஷம். முறைப்படிதான் கழட்டினேன். ஒவ்வொரு போன் வரும்போதும் எங்க புரோகிராம் ஒரு சைல்டு பிராசஸ் கிளப்பும். அதுல ஒண்ணு செத்துப்போச்சு மேடம். அந்தப் போன் எந்த வண்டிக்கும் போகல." மூச்சு வாங்கினாள். "ஒருத்தருக்கு வீட்டுப் படியில ஸ்ட்ரோக். அவங்க வீட்டம்மா காத்திருந்து காத்திருந்து திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. வண்டி போய்ச் சேர இருபத்தாறு நிமிஷம் ஆயிடுச்சு. உயிர் இருக்கு. பேச்சு போயிடுச்சு, வலது பக்கம் முழுசா போயிடுச்சு. திங்கக்கிழமை எனக்கு விசாரணை. நான் எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க மேடம். எனக்குத் தெரிஞ்சாகணும்."

நூறு, "பாத்துட்டுச் சொல்றேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் மேலாளர் கதவைச் சாத்தினார்.

"ஓடுற புரோகிராம்ல கை வெச்சது அந்தப் பொண்ணு."

"வெக்கலாம்னு நாமதான சார் விளம்பரம் போட்டோம்?"

"நம்ம தப்புன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு? நாலாயிரத்துல ஒண்ணு, அதுவும் திரும்ப வராதது. அதைத் தூக்கிட்டுப் போய் நின்னா இங்க முப்பது பேர் வீட்டுக்குப் போகணும். ஆதாரம் கொண்டாங்க, பேசலாம்."

அவர் சொன்னதில் அவளால் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. ஆதாரம் இல்லை. திங்கட்கிழமைக்குள் அந்த ஏழு திரும்ப வந்தாக வேண்டும்.

அவள் இதுவரை எடுக்காத கவனமெல்லாம் எடுத்தாள். அந்தப் பழைய மெஷினில் வேறு எதுவும் ஓடாதபடி எல்லாவற்றையும் நிறுத்தினாள். வலையமைப்புக் கம்பியையே பிடுங்கினாள். அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டினாள். புதன் முழுக்க ஓடியது. வியாழன் முழுக்க ஓடியது. பதினெட்டாயிரம் தடவை. திரையில் வரிசையாக எட்டு, எட்டு, எட்டு. ஒரு கட்டத்தில் அவள் வாய்விட்டே கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள். "ஒரே ஒரு தடவை தப்பு பண்ணு. ஒரே ஒரு தடவை." தப்பே வரக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவள், தப்பு வரச் சொல்லி ஒரு பெட்டியின் முன்னால் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலேயே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வரியை அழித்தது உட்பட.

"இதை வெளிய சொன்னா உன் வேலை போயிடும்ல?"

"போயிடும்."

"அந்தப் பொண்ணு யாரு நமக்கு? உறவா, ஒட்டா? அவங்க ஆபீஸ் பாத்துக்கும். என் கையைப் பாத்தியா? இதை வெச்சுக்கிட்டு நான் எவன்கிட்டப் போய் வேலை கேப்பேன்?"

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டுகள் இரண்டும் மூடியபடியே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அவள் ஓட்டங்களை நிறுத்தினாள். இனி ஓட்டிப் பயனில்லை என்று மனது விட்டுப்போயிருந்தது. வேறு செய்ய ஒன்றும் தோன்றாமல், பழைய பதிவுகளைத் திறந்து நானூற்றுப் பன்னிரண்டின் நேரத்தைப் பார்த்தாள். பகல் பத்து ஐம்பத்திரண்டு. தேதியும் இருந்தது. அந்த நாளில் என்ன? எழுந்துபோய் சர்வர் அறைக்காரரைக் கேட்டாள். அவர் தன் நோட்டைப் புரட்டினார்.

"அன்னிக்கா? பழைய பேக்கப்பை எல்லாம் உங்க ரூம் மெஷின் வழியாத்தான் காப்பி பண்ணேன். வேற மெஷின் காலி இல்லை. பதினோரு மணி வரைக்கும் ஓடிச்சு. ஏன், எதையாவது கெடுத்துட்டேனா?"

அந்த மெஷின் அன்றைக்கு மூச்சுமுட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. டீபக்கர் வந்து சேருவதற்குள் ஒரு சைல்டு பிராசஸ் இன்னொன்றைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறது. அவளோ இந்த மூன்று நாளும் மெஷினுக்கு இல்லாத சௌகரியமெல்லாம் செய்துகொடுத்து, கம்பியைப் பிடுங்கி, கதவைச் சாத்தி, அந்தத் தப்பைத் தன் கையாலேயே விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் இடத்திலும் புரோகிராம் மெதுவாக ஓடிய நேரத்தில்தானே அந்தப் பெண் மாட்டிப் பார்த்தாள்!

ஓடினாள். கம்பியைத் திரும்பச் செருகினாள். கையில் அகப்பட்ட பெரிய கோப்புகளை எல்லாம் அங்குமிங்கும் காப்பி பண்ணவிட்டு மெஷினைத் திணறடித்தாள். சோதனையை ஓடவிட்டாள்.

ஒன்பதாவது ஓட்டத்தில் ஏழு வந்தது. முப்பத்தொன்றில் ஏழு. நூறு முடிந்தபோது ஆறு தடவை வந்திருந்தது.

கண்ணாடி வந்து பார்த்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

"இது நான் பண்ணது அக்கா."

"எழுதினது நீ. கையெழுத்துப் போட்டது நான்."

அவன் மாலைக்குள் திருத்திவிட்டான். மொத்தம் நான்கு வரி. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான்கே வரி.

மேலாளர் அவளுடைய புது அறிக்கையைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "திருத்தின பதிப்போட சேத்து அடுத்த மாசம் அனுப்புவோம். தானா அடங்கிடும்."

"திங்கக்கிழமை விசாரணை சார்."

"அது அவங்க ஆபீஸ் விஷயம்."

திங்கட்கிழமை காலை அவள் காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கணவன் வாசலில் நின்றான்.

"போ. ஆனா எங்கிட்டக் கேட்டுட்டுப் போனதா மட்டும் நினைச்சுக்காத."

இரண்டு பேருந்து மாறிப் போனாள். நீண்ட மேசை, மூன்று அதிகாரிகள், சுவரோரம் அந்த டெக்னீஷியன் பெண். நினைத்ததைவிடச் சின்னவள். நகத்தையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தாள். யார் நீங்கள் என்று அதிகாரி கேட்டார். நூறு நின்றபடியே சொன்னாள். நூறு ஓட்டத்தில் ஆறு தடவை ஏழு வந்தது, நேரம், தேதி. பிறகு, யாரும் கேட்காமலேயே, அழித்த அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னாள்.

"எழுதிட்டு ஏன் எடுத்தீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. டீபக்கரின் பதிப்பைக் கம்பெனி திரும்பப் பெற்றது. முப்பது பேர் வீட்டுக்குப் போகவில்லை, ஒருத்திதான் போனாள். கண்ணாடி மட்டும் படிவரை வந்து, திரும்பிப் போனான்.

விசாரணைக் காகிதத்தில் அந்த நோயாளியின் முகவரி இருந்தது. பத்து நாள் தயங்கிவிட்டுப் போனாள். இரண்டாவது மாடி. பள்ளி வேன் ஓட்டுநராக இருந்த மனிதர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி துணி தைத்துப் பிழைப்பவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வந்தது யார், என்ன என்று கேட்பதற்கு முன்னால், "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, விரிப்பு மாத்தணும்" என்றாள். நூறு பிடித்தாள். கனமான உடம்பு. அவர் கண் இவள் மேலேயே இருந்தது.

விரிப்பு மாற்றி முடிந்ததும் நூறு சொன்னாள். மனைவி தையல் மெஷினருகே உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"நீங்க அதை எடுக்காம இருந்திருந்தா வண்டி நேரத்துக்கு வந்திருக்குமா?"

"தெரியலைங்க. யாராவது தோண்டிப் பாத்திருக்கலாம். பாக்காமலும் விட்டிருக்கலாம்."

"தெரியாதுன்னா எதுக்கு வந்தீங்க?"

நூறு கழற்றிப் போட்ட பழைய விரிப்பை எடுத்து மடித்தாள்.

"நான் திட்டணும்னு வந்தீங்களா? எனக்குத் திட்ட நேரமில்லம்மா. நாளைக்குள்ள பன்னிரண்டு சட்டை குடுக்கணும். போயிட்டு வாங்க."

ஏழு மாதம் கழித்து அவளுக்குப் பயணச்சீட்டு இயந்திரங்கள் செய்யும் ஓரிடத்தில் சோதனை வேலை கிடைத்தது. கணவன் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பதிவேடு எழுதுகிறான், இடது கையால். அந்த டெக்னீஷியன் பெண் மாதம் ஒரு தடவை கூப்பிடுவாள். "அக்கா, நீங்க இல்லைன்னா" என்று ஆரம்பிப்பாள். நூறு பேச்சை மாற்றிவிடுவாள். சில நாள் அழைப்பை எடுப்பதே இல்லை. மணி அடித்து ஓயும்வரை, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நிற்பாள்.