வில் தீர்ந்த இடம்

என் வீட்டு முன்னறைச் சுவரில் ஆணியடித்து ஒரு வயலின் வில்லை மாட்டி வைத்திருக்கிறேன். அது என்னுடையதல்ல, எங்கள் மாஸ்டருடையது. பெரியகுளத்தில் ஒரு கல்லூரி அரங்கின் மேடையில் அதை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அவர் இறங்கிப்போன சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது. பாவம் அவர் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துவிட்டுத் தேனிக்குத் திரும்பிய நான்கு பேர் நாங்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, உட்கார்ந்து காலிடையில் நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ. முதல் வயலின் மாஸ்டர், இரண்டாவது நான். ஐரோப்பாவின் பழைய இசையையும் நாங்களே எழுதிய புது இசையையும் ஒரே மேடையில் வாசிப்போம். பழசுக்கு மாஸ்டர் வைத்த சட்டம் ஒன்றுதான்: "எழுதுனது எழுதுனபடி. ஒரு புள்ளி கொறையக் கூடாது." அந்தச் சட்டத்தை அவருக்காகவே நாங்கள் மூவரும் சத்தமில்லாமல் மீறிக்கொண்டிருந்தோம். நிதானமான பகுதி ஒன்றில் முதல் வயலினுக்கு ஒரு நீண்ட சுரம் வரும். வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். அவர் கை ஆடத் தொடங்கியிருந்ததால் மெதுவாக இழுக்க முடியாமல், சுரத்தின் பாதியிலேயே வில் நுனிவரை போய்த் தீர்ந்துவிடும். ஆகவே அந்த இடம் வந்ததும் மூவரும் லேசாக வேகத்தைக் கூட்டி, அவர் வில் தீருமுன் சுரத்தை முடித்துவிடுவோம். தன் கை அசையாமல் நிற்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

புதுசு என்றால் அவருக்கு இளக்காரம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த என் அம்மா, மலைச்சாலையில் அந்த ஜீப் கவிழ்ந்து செத்துப்போனாள். வேலை முடிந்து களைத்துப் படுக்கும்போது அவள் முனகும் மெட்டு ஒன்று உண்டு. அதை வைத்து நான்கு பேருக்கும் ஓர் இசை எழுதினேன். மொத்தம் நான்கு பகுதி; கடைசிப் பகுதி முழுக்க அவள் முனகல்தான். என் வயலின் தனியாகத் தொடங்கும். வீரபாண்டித் திருவிழா சமயத்தில் தேனியில் அதை முதன்முதலாக வாசித்தோம். அம்மாவோடு தோட்டத்துக்குப் போன பெண்களெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் பகுதி முடிந்ததுமே மாஸ்டர் வில்லை உயரத் தூக்கி, எழுந்து கும்பிட்டுவிட்டார். ஜனம் கை தட்டியது. நான் வயலினைத் தாடையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்க் கேட்டதற்கு, "ஒப்பாரிய யாரு கேப்பாக ஆத்தா? புதுசுதான, எங்கன நிறுத்துனா என்ன?" என்றார். அவர் குரல்வளையைப் பிடித்திருப்பேன். வயோலா அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கச்சேரி பெரியகுளம். வயோலா அண்ணனிடமும் செல்லோ அக்காவிடமும், "இன்னைக்கு எழுதுனபடியே வாசிப்போம்" என்றேன். ஏன் என்று இருவரும் கேட்கவில்லை. அந்த நீண்ட சுரம் வந்தது. நாங்கள் வேகத்தைக் கூட்டவில்லை. அவர் வில் நுனிக்கு வந்துவிட்டது; சுரம் பாதிகூட முடியவில்லை. வில்லைத் திருப்பியிருக்கலாம், அவர் சட்டம் விடவில்லை. எங்களைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டு பிசகாமல் வாசித்தேன். வில் நடுங்கி, கிறீச்சிட்டு, நின்றது. அத்தனை பேர் முன்னால்! அன்றோடு அவர் வாசிப்பதை விட்டுவிட்டார்; நாற்காலியில் கிடந்த வில்லை நான் எடுத்துவந்தேன்.

போன மாதம் ஆட்டோவில் வந்திறங்கினார். "அந்த வில்லக் குடு தாயி. வாசிக்க இல்ல, வீட்டுல வச்சுக்கிறதுக்கு" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வெட்டிய கடைசிப் பகுதியை முழுசாக வாசித்தேன். தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"நல்லாருக்கு ஆத்தா" என்றார். "நானும் வாசிச்சிருப்பேன். என்ன செய்ய, பெரியகுளத்துல அன்னைக்குத் திடீர்னு கை போயிருச்சு."

"திடீர்னு இல்ல மாஸ்டர். அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு. நீங்க தடுமாறாம இருக்க நாங்கதான் அந்த எடத்துல வேகமா வாசிச்சுக்கிட்டு இருந்தோம்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப... பெரியகுளத்துல?"

"எழுதுனது எழுதுனபடி வாசிச்சோம்."

சுவரிலிருந்த வில்லை ஒருமுறை பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.